இருபது நிமிட தூரம்

என் தங்கை நாற்பத்தெட்டு நாள் செவ்வாய்க் கிரகத்தில் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம், குரும்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் இருக்கும் வெங்காய அறை. அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைப் போட்டுவைக்க அப்பா கட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே சிமெண்ட் ஷீட். காற்று போக நான்கு சுவரிலும் செங்கல்லை விட்டுவிட்டு வைத்துக் கட்டியதால் சுவர் முழுக்க ஓட்டைகள். வீட்டிலிருந்து இருநூறு அடி எடுத்துவைத்தால் அறை வந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள், வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பித்திருந்தாள். பூமிக்கு வெளியே மனிதர்களால் வாழ முடியுமா என்று பார்ப்பதற்காக, ஆட்களை ஒரு வருஷம் ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவைத்துக் கவனிக்கிறவர்கள் அவர்கள். தனியாக அடைபட்டு இருந்த அனுபவம் உண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்ததற்கு அப்பாவும் ஒரு காரணம். முன்பு அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு முறை எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தின் அடிவரை இறக்கிக் காட்டினார். ஒரு மரம் இல்லை, ஒரு குருவி இல்லை. வெளேரென்று படிப்படியாக வெட்டிய மண். அதில் பதிந்திருந்த கிளிஞ்சல் ஒன்றைக் காட்டி, இதெல்லாம் ஒரு காலத்தில் கடல் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். தங்கை மட்டும் இறங்கி நடந்துகொண்டே இருந்தாள். அவளைத் திரும்பக் கூட்டிவர அப்பா அவள் பின்னால் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

நாற்பத்தைந்து நாள் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, செய்வதைச் சரியாகச் செய், ஒரு மண்டலமாக இரு என்றாள். நாற்பத்தெட்டு ஆனது அப்படித்தான். ஊரிலும் அது ஏதோ விரதம் என்றே பலர் நினைத்தார்கள். அம்மா யாரையும் திருத்தவில்லை.

ஆடி கடைசியில், போன போகத்து வெங்காயம் முழுக்க விற்றுத் தீர்ந்து அறை காலியாக இருந்த நேரத்தில் அவள் உள்ளே போனாள். அவளுடன் போனவை இருநூறு லிட்டர் டிரம் மூன்று, அதாவது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். அவல், சத்துமாவு, பொட்டுக்கடலை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து அம்மாவின் சிநேகிதி கொண்டுவந்து கொடுத்த பேரீச்சம்பழம். போன் சார்ஜ் போட ஒரு சின்ன சோலார் தகடு. அறைக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு கழிப்பிடம். அறையைச் சுற்றி முப்பதடி தள்ளி நான்கு பக்கமும் குச்சி நட்டு நைலான் கயிறு கட்டினோம். கயிற்றைத் தாண்டி யாரும் வரக் கூடாது. அவளும் வர மாட்டாள்.

இன்னொரு விதியும் இருந்தது. செவ்வாய் தூரத்தில் இருக்கும் நாட்களில் இங்கே சொல்லும் ஒரு சொல் அங்கே போய்ச் சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகுமாம். அதனால் நான் அனுப்பும் எந்தச் செய்தியையும் அவள் இருபது நிமிஷம் கழித்துத்தான் திறப்பாள். அவள் பதில் போட்டால் நானும் இருபது நிமிஷம் கழித்துத்தான் திறக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் என்று கேட்டேன். அதற்கும் அப்படித்தான் என்றாள். உண்மையில் அங்கே போனவர்களுக்கு அப்படித்தானே இருக்கும்?

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். கணவர் மஸ்கட்டில் இருந்ததால் அந்த வருஷம் அம்மா வீட்டில் தங்கி, தினம் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் அவளோடு பேசும் வேலை என்னுடையதானது. காலையில் அவள் நாடித்துடிப்பும் தூக்கமும் எழுதி அனுப்புவாள், நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் வீடு கலகலப்பாகவே இருந்தது. கேள்விகளோடு ஆட்கள் வந்தார்கள். களை எடுக்க வரும் அக்கா ஒருத்தி, அங்கே குளிப்பது எப்படி என்று கேட்டாள். ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான் என்று நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. போகிற சிறுநீரையே சுத்தம் செய்து திரும்பக் குடிப்பார்கள் என்றும் அதில் இருந்தது. அந்த அக்கா அன்று எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். மூட்டை தூக்குகிற அண்ணன், அங்கே கனம் எப்படி என்று கேட்டார். அறுபது கிலோ மூட்டை இருபத்து மூன்று கிலோ மாதிரி இருக்கும் என்றதும், அப்படியானால் தன்னையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். லப்பைக்குடிக்காட்டு அம்மா, அங்கே தொழும்போது பார்க்க வேண்டிய கிப்லா திசை எந்தப் பக்கம் என்று கேட்டார். பூமி இருக்கும் பக்கம் பார்த்துத் தொழலாம், அதுவும் தெரியாவிட்டால் முடிந்த பக்கம் என்று தங்கை பதில் அனுப்பினாள். அவர் மகன் துபாய்க்குப் போன புதிதில் திசை தெரியாமல் போன் செய்து கேட்டதைச் சொன்னார். பிறகு, நிய்யத், மனசில் இருக்கிற எண்ணம், சரியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா கேட்டது ஒன்றுதான், அங்கே விளக்கு ஏற்றினால் எரியுமா என்று. நெருப்பு எரியும்படியான காற்று இல்லாத இடம், மூடிய அறைக்குள்ளும் நெருப்பு வைக்க விட மாட்டார்கள் என்று பதில் வந்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அப்பா எதையும் கேட்கவில்லை. தினம் காலையில் கயிறு ஓரமாக நடந்து, குச்சிகள் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டு வருவார். சுரங்கத் தூசியில் அவருக்கு ஒரு இருமல் உண்டு, மூன்று முறை வறட்டென்று வந்து நிற்கும். அதை வைத்து அவர் வயலில் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அங்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவாங்களாம்?"

எழுதி அனுப்பினேன். இதற்கு இன்னும் யாரும் சரியாக ஒரு முடிவு செய்யவில்லை, அங்கேயே புதைக்க வேண்டியிருக்கலாம், வீட்டுக்குச் செய்தி மட்டும் வரும் என்று பதில் எழுதியிருந்தாள். படித்துக் காட்டினேன். அப்பா ம் என்றார். கையைக் கழுவ எழுந்து போனார்.

முப்பத்தொன்றாம் நாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும் நாள் என்பதால் அம்மா முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போயிருந்தாள். அப்பாவும் நானும் மட்டும் வீட்டில். பத்து மணிக்கு மேல் இருக்கும், அப்பா சட்டை முழுக்க வியர்வையோடு வயலிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். காற்று அடித்துக்கொண்டிருந்த நாள்தான். என்னப்பா இப்படி வேர்த்திருக்கு என்றேன். வெயில் என்றார். நான் நம்பினேன். தினம் ஆஸ்பத்திரிகளில் இருந்து வரும் ரத்தத்தை, இதயத்துக்கு என்று சீட்டில் எழுதி வரும் ரத்தத்தை, கையில் வாங்குகிறவள் நான். நம்பினேன்.

மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாப்பாவ ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்."

அவர் எழுந்து நடக்க, நான் பின்னாலேயே போனேன். வழக்கமாகக் கயிறு ஓரமாகவே நடக்கிறவர், அன்று கயிற்றைக் கையால் கீழே அழுத்தி ஒரு காலைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

"இன்னும் பதினேழு நாள்தாம்பா. இப்ப போனா அவ பட்டதெல்லாம் வீணாயிடும்."

அவர் காலை இறக்கிக்கொண்டார். அறையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஒரு தடவை கையை நெற்றிவரை உயர்த்தினார், வியர்வையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு திரும்பி, எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தார். பதினோரு மணி வாக்கில் அடுப்படி வாசலில் சரிந்து விழுந்தார்.

நூற்றியெட்டுக்கு போன் செய்தேன். பக்கத்து வயலில் இருந்த மூட்டை தூக்குகிற அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். வண்டி வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது. அதுவரை அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நினைவு இருந்தது. இரண்டு முறை பாப்பா என்றார். வந்துடுவாப்பா என்றேன். சொல்லிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியே வா என்று செய்தி அனுப்பினேன். முப்பது நாள் பழக்கம். அவளிடம் எதையும் சொல்ல வேண்டுமென்றால் கை தானாக போனைத்தான் தேடியது. வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டு ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். அந்த அண்ணனிடம் ஓடிப்போய்த் தட்டச் சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து, சைரனோடு கிளம்பியது. பெரம்பலூர் எல்லைக்கு வருவதற்குள், கூட இருந்த செவிலியர் பெண் அப்பாவின் நெஞ்சில் அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

தங்கை விதிப்படி செய்தியைத் திறந்து, வெளியே வந்து, வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. வீடு திறந்துகிடந்தது. ஒரு மாதம் பன்னிரண்டடிக்குள் நடந்தவள், வெறுங்காலோடு ரோடு வரை ஓடியிருக்கிறாள். யாரோ டி.வி.எஸ். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பிணவறை வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் பழகாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து என்னைத் தொட்டாள். அவள் மேல் பழைய வெங்காயத்தின் வாடை. எங்கே என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன்.

சடங்குகள் எல்லாம் முடியும்வரை அவள் அழுததை நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் அதைக் குறையாகப் பேசினார்கள். பிள்ளையைக் காட்டில் அடைத்துவைத்த குடும்பம் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பியதும், மீதிப் பதினேழு நாளையும் இருந்து முடிக்கப்போகிறேன் என்று தங்கை சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது. யாருக்குக் காட்ட என்று கேட்டேன். அம்மாதான், போகட்டும் விடு என்றாள்.

இந்த முறை இருபது நிமிஷக் கணக்கு இல்லை. செய்தி அனுப்பினால் உடனே பதில் வந்தது. எனக்குத்தான் அனுப்ப எதுவும் இல்லை. கேள்வி கேட்கவும் யாரும் வரவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பா இருமுவது தினம் காலையில் கேட்கிறது, கயிற்றின் பக்கம் இருந்து, மூன்று முறை. தனியாக அடைபட்டு இருப்பவர்களுக்கு இல்லாத குரல் கேட்கும் என்பதை உள்ளே போகும் முன் அவளே எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். துருவப் பகுதியில் தங்கினவர்களுக்கு, கடலில் தனியே போனவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறதாம். அதை அவளுக்கே திரும்ப எழுதினேன். தெரியும் அக்கா, ஆனாலும் கேட்கிறது என்று எழுதினாள்.

மறுநாள் காலையில் நான் வாசலில் நின்றேன். காற்றில் மக்காச்சோளத்துக்கு உழுதுபோட்ட மண் பறந்துகொண்டிருந்தது. குச்சிகளெல்லாம் சாய்ந்துகிடந்தன. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயந்திருப்பேன். ஆனால் கேட்கவில்லையே என்றுதான் அன்று முழுக்க இருந்தது. லேபில் ஒருவருக்கு ஊசி குத்தும்போது அவர் கை சில்லென்று இருந்ததால், இரண்டு தடவை உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டேன். வெளியே ஏசியில் உட்கார்ந்திருந்தேன்மா என்று அவர் சிரித்தார்.

பதினேழாம் நாள் அம்மாவே கயிற்றைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டி அவளைக் கூட்டிவந்தாள். மார்கழியில் அந்த வெளிநாட்டு அமைப்பிடமிருந்து அடுத்த கட்டப் பேச்சுக்கு அழைப்பு வந்தது. அவள் பதில் எழுதவில்லை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். செயற்கைக்கோள்களுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனி. அவள் தொட்டுப் பார்த்த ஏதோ ஒன்று இப்போது மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

போன ஆவணியில் அப்பாவின் திதிக்கு வந்திருந்தாள். திரும்பும்போது மதிய பஸ் ஏற்றிவிட நான் பெரம்பலூர் வரை போனேன். பஸ் வர நேரமிருந்தது. டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு அப்பா கயித்துகிட்ட வந்தாரு. நான் பாத்தேன்க்கா."

இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். சொல்லக் கூடாது என்று தினம் தினம் எனக்குள் அடக்கிவைத்திருந்தது அது.

"நான்தான் அவர திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

"தெரியும். நீ சொன்னது காதுல விழுந்துச்சு. ஓட்ட வழியா பாத்துகிட்டுதான் இருந்தேன். கைய தூக்கி ஆட்டுனாரு. நான் நின்ன பக்கம் இல்ல, அந்தக் கோடி ஓட்டைய பாத்து ஆட்டுனாரு. நான் அங்க நிக்கறேன்னு நெனச்சிருப்பாரு போல. அப்பான்னு ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாம். கூப்புடல."

வியர்வையைத் துடைக்க என்று நான் நினைத்த கை. அவள் நிறுத்தவில்லை. நான் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டதும் சைரனும் கேட்டதாம். போனில் என் செய்தி வந்து நிற்பதும் தெரிந்ததாம். நான் அந்த நேரத்தில் ஒருபோதும் செய்தி அனுப்பியதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாளாம், இருபது நிமிஷமும்.

"எதுக்கு ஒக்காந்திருந்த?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"தொறக்காத வரைக்கும் ஒண்ணும் ஆவலல்ல."

சேலம் வழி பெங்களூர் பஸ் வந்துவிட்டது. அவளுடைய பையை மேலே வைத்துக்கொடுத்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் அப்பாவைத் தடுத்தது, தங்கை பார்த்துக்கொண்டே இருந்தது, எல்லாம். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. காய் எல்லாம் நறுக்கித் தட்டில் தள்ளிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"கோயிலுக்குக் கெளம்பறப்பவே எங்கிட்ட சொன்னாரு, நெஞ்சு கரிக்குதுன்னு. சீரகத் தண்ணி வெச்சு குடிங்கன்னுட்டு பஸ் ஏறிட்டேன்."

காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தங்கை போன் செய்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் எடுத்தாள். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள். அம்மா என்ன சொன்னாளோ, தங்கை என்ன கேட்டாளோ, எனக்குத் தெரியாது. துணியெல்லாம் மடித்து அடுக்கி முடித்த பிறகும் அம்மாவின் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.